கல் கூறும் வெம்மை

வெம்மையைத் தொட்டறிகின்றோம். அதனைக் கண்ணாற் கண்டறிதல் கூடுமா? கூடும் என்பதற்கு ஊர்தோறும் உள்ள கொல்லனே சான்று. அவனுடைய உலையருகில் வெப்பமானி எதுவும் தொங்குவதில்லை. இரும்பு கருஞ்சிவப்பாய் இருக்கும்போது அவன் பொறுத்திருப்பான். அது செம்மஞ்சளாய்க் கனியும் வேளையிலேயே சம்மட்டியை ஓங்குவான். நிறமே அவனுக்கு அளவுகோல். 1847ஆம் ஆண்டில் ஜோன் வில்லியம் ட்ரேப்பர் என்னும் அறிஞர் இதனை முறைப்படி ஆராய்ந்து, திண்பொருள்கள் யாவும் ஏறத்தாழ 525 பாகை செல்சியசு வெம்மையை எட்டியதும் இருளில் மங்கலாகச் சிவக்கத் தொடங்குகின்றன என்று அறிவித்தார்.

அதற்குக் கீழ்ப்பட்ட வெம்மைகள் கண்ணுக்குப் புலப்படா. மனித உடலின் வெம்மை 37 பாகை. கொதிநீரின் வெம்மை 100 பாகை. தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்துட் புகும் காற்றின் வெம்மையும் ஏறத்தாழ அவ்வளவே. இருட்டறையில் இவை யாவும் ஒரே கருமையாய்த் தோன்றும். வெப்பமானி இல்லாவிடின், தேயிலை கருகிய பின்னரே தொழிற்சாலையில் உள்ளோர்க்குச் செய்தி தெரியவரும். ஆயினும் இத்தகைய மென்வெம்மைகளையும் தம் ஒளியாலும் நிறத்தாலும் அறிவிக்கவல்ல பொருள்கள் சில உலகில் உள்ளன. அவற்றுள் மனிதர் நெடுங்காலமாகக் கையாண்டு வருவது, நமது இரத்தினபுரி மண்ணிலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் செந்நிறக் கல்லாகும். அக்கல்லின் ஒளியை மனிதர் படிப்படியாக வாசிக்கக் கற்ற வரலாற்றையே இங்குக் கூற விரும்புகின்றேன்.

யான் வரலாறு கற்பித்து வந்த ஆசிரியன். விஞ்ஞானம் முறையாகப் பயின்றவன் அல்லன். இப்பொருளில் என்னை ஈடுபடுத்தியவள் எமது பாடசாலையில் எட்டாந்தரம் பயின்ற ஒரு மாணவி. அவளுடைய தந்தையார், தோட்டத்தில் வேலை இல்லாத நாள்களில் மாணிக்கக் குழியிற் கூலிக்கு இறங்குபவர். குழியின் அடியிலிருந்து எடுக்கப்படும் சரளையை இங்கு ‘இல்லம’ என்பர். அதனைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றி அலசி, விலைபோகும் கற்களை எடுத்துக்கொண்டபின் எஞ்சுவதைக் கரையிற் கொட்டிவிடுவர். அக்குவியலிற் பொறுக்கிய பயற்றம்பருப்பளவான இளஞ்சிவப்புத் துணுக்குகள் சிலவற்றை அச்சிறுமி ஒரு தீப்பெட்டியில் இட்டுக் கொணர்ந்தாள். கள்ள நோட்டுப் பார்ப்பதற்குக் கடைக்காரர் வைத்திருக்கும் ஊதாக்கதிர் விளக்கு ஒன்று எம்மிடம் இருந்தது. அறையை இருட்டாக்கி, அவ்விளக்கைத் துணுக்குகளின்மேற் பிடித்தோம். அவற்றுட் சில, சாம்பல் ஊதப்பெற்ற தணல்போலச் செக்கச் செவேலென ஒளிர்ந்தன. சிறுமி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “சேர், இது சுடுமா?” என்று கேட்டாள். தொட்டுப் பார்க்கச் சொன்னேன். “குளிருது சேர்” என்றாள்.

அக்கேள்வி எளிய கேள்வியன்று. தணலும் சிவக்கின்றது, கல்லும் சிவக்கின்றது. ஒன்று சுடுகின்றது, மற்றொன்று குளிர்கின்றது. இவ்விரு ஒளிகளையும் வேறுபிரித்தறிய ஐரோப்பிய விஞ்ஞானத்துக்கே நெடுங்காலம் சென்றது. கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கதிரைச் சில பொருள்கள் உட்கொண்டு வேறு நிற ஒளியாய் வெளிவிடுகின்றன என்பதை 1852இல் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் விளக்கினார். வெம்மையினாற் பிறவாத இத்தகைய ஒளிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக, நாம் இப்பொழுது ‘ஒளிர்வு’ என்று தமிழில் வழங்கும் சொல்லை, 1888இல் எயில்ஹார்ட் வீடெமன் என்னும் ஜெர்மானியர் அமைத்தார். தணலின் ஒளி வெம்மையின் குழந்தை. மாணிக்கத்தின் ஒளிர்வோ தன்மேல் விழுந்த வேறோர் ஒளியின் குழந்தை.

இவ்வறிவு தோன்றுமுன்னரே அக்கல்லின் ஒளி பலரை வியக்கச் செய்தது. ஏழாம் நூற்றாண்டிற் பாரதம் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இலங்கையைப்பற்றிக் கேள்வியுற்ற செய்திகளை எழுதுமிடத்து, தந்ததாதுக் கோயிலின் உச்சியிற் பதிக்கப்பட்ட பதுமராகம் ஒன்று இரவும் பகலும் விண்மீன்போல ஒளிவீசியதாகக் குறிப்பிடுகின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் இலங்கை மன்னனிடம் நெருப்பெனச் சிவந்த பெரியதொரு மாணிக்கம் இருந்ததாக எழுதினார். தமிழிலோ, மதுரை நகரின் இரத்தினக் கடைத்தெருவைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை வருணிக்குமிடத்து, கற்களின் குற்றமும் குணமும் சாதியும் வேறுபடுத்திப் பேசப்படுகின்றன. மணி நோக்குதல் நம் முன்னோர்க்குத் தேர்ந்த கலையாய் இருந்தது.

யாத்திரிகர் கூற்றிற் புனைவு கலந்திருக்கலாம். ஆனால் அதன் அடியில் ஓர் உண்மையும் உண்டு. மாணிக்கமும் நீலமும் ஒரே இனத்தவை. இரண்டும் அலுமினியம் ஒட்சைட்டு என்னும் பளிங்கேயாம். அப்பளிங்கிற் சிறிதளவு குரோமியம் கலந்தால் அது மாணிக்கம்; இரும்பும் தைற்றேனியமும் கலந்தால் நீலம். மாணிக்கத்திலுள்ள குரோமியம் வெயிலின் பச்சை, நீலப் பகுதிகளை உட்கொண்டு செவ்வொளியாய் வெளிவிடும். ஆகவே நல்ல மாணிக்கம் வெயிலிற் பிடிக்கப்படும்போது தன் நிறத்தோடு தன் ஒளியையும் சேர்த்துக் காட்டுகின்றது. இரும்பு மிகுந்திருப்பின் இவ்வொளி அடங்கிவிடும். தாய்லாந்து மாணிக்கங்கள் பலவும் மங்கி ஒளிர்வதும், இலங்கையின் செங்கற்கள் பலவும் சுடர்விடுவதும் இக்காரணத்தினாலேயே.

இனி, கல்லும் நெருப்பும் சந்தித்த வரலாற்றைப் பார்ப்போம். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அல் பிரூனி தமது இரத்தின நூலில், மாணிக்கத்தை நெருப்பிலிட்டு நிறந்தெளிவிக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்த்துக்கேயராகிய துவார்த்தே பர்போசாவும் இலங்கையில் நிகழ்ந்த இத்தொழிலை எழுதியுள்ளார். எளிய கருவிகளே இதற்குப் போதும். கரியடுப்பு ஒன்று, வாயால் ஊதும் குழல் ஒன்று, கல்லுக்குப் பூசுவதற்குச் சிறிது பூச்சு. ஊதுகுழலின் காற்றால் கரி கனலும்போது, அடுப்பின் நடுவிடம் ஏறத்தாழ 1,000 பாகையை எட்டும். சிவப்போடு கலந்திருந்த நீலச்சாயல் அவ்வெம்மையில் நீங்கிக் கல் தெளிவடையும். வெம்மை குறைந்தாற் பயனில்லை. திடீரென ஏறினாலோ கல் வெடித்துவிடும். ஆதலால் குழல் ஊதுவோன் தணலின் நிறத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கொல்லனைப்போல அவனுக்கும் நிறமே வெப்பமானி.

இத்தொழிலாளர் அடுப்பருகே இன்னொன்றையும் கண்டிருப்பர். மாணிக்கத்தைப் பலநூறு பாகைகளுக்குச் சூடேற்றினால் அதன் சிவப்பு மங்கி, சாம்பலும் பச்சையுமான சாயலை அடைகின்றது. ஆறியதும் மீண்டும் சிவக்கின்றது. குரோமியம் அணுவைச் சூழ்ந்துள்ள ஒட்சிசன் அணுக்கள் வெம்மையால் சற்றே விலகுவதனால் நேரும் மாற்றம் இது. கல் தன் வெம்மையைத் தானே நிறத்தாற் சொல்லுகின்றது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டா.

கல்லின் வெளிநிறம் ஒருபுறம் இருக்க, அதன் ஒளிர்வு இன்னும் நுட்பமாகப் பேசுகின்றது. அதனைக் கேட்பதற்கு முதற்கருவியை அமைத்தவர் பிரான்சு நாட்டு எட்மொன் பெக்கரெல். 1850களின் இறுதியில் அவர் துளையிட்ட இரு தட்டுகளைச் சுழலவிட்டு, அவற்றினிடையே கல்லை வைத்தார். ஒரு தட்டின் துளைவழியே வெயில் கல்லில் விழும். அது மறைந்து ஒரு செக்கனின் ஆயிரத்தொரு பங்கு கழிந்ததும், மறுதட்டின் துளைவழியே கல்லை நோக்கலாம். ஒளி நின்றபின்னும் மாணிக்கம் சிறிதுபோது ஒளிர்ந்துகொண்டிருப்பது இக்கருவியாற் புலனாயிற்று. அச்சிறிதுபோது அறைவெம்மையில் ஒரு செக்கனின் ஆயிரத்தில் 3 அல்லது 4 பங்கென்று பின்னர் அளந்தனர்.

இவ்வரலாறு இருபதாம் நூற்றாண்டில் நம் அயலுக்கே வருகின்றது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்து, 1930இல் நோபெல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், 1933இற் பெங்களூர் சென்றபின் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வில் ஆழ்ந்த ஆர்வம் கொண்டார். அவருடைய ஆய்வுகூடத்தில் 1940இற் சேர்ந்தவர் அன்னா மாணி என்னும் பெண்மணி. அவரும் நம்மைப்போல மலைநாட்டவரே. 1918இற் திருவிதாங்கூரின் பீருமேட்டிற் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளில் வீட்டார் கொடுத்த வைரக் காதணிகளை மறுத்து, கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றைக் கேட்டுப் பெற்றவர் என்பர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1939இற் சிறப்புப் பட்டம் பெற்றார்.

காதணி வைரத்தை வேண்டாமென்றவர், ஆய்வு வைரங்களோடு ஐந்து ஆண்டுகளைக் கழித்தார். முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வை அவர் பதிவுசெய்தார். மாணிக்கத்தின் ஒளிர்வையும் ஆராய்ந்தார். வெம்மை மாறும்போது ஒளிர்வின் நிறக்கோடுகள் எவ்வாறு மாறுகின்றன என்பது அவருடைய வினாக்களுள் ஒன்று. அதற்காகக் கற்களைத் திரவக் காற்றின் கடுங்குளிரில் வைக்கவேண்டியிருந்தது. மங்கலாய் ஒளிரும் ஒரு கல்லின் நிறமாலை ஒளிப்படத் தட்டிற் பதிவதற்கு 15 முதல் 20 மணித்தியாலம் செல்லும்; அத்தனை நேரமும் அக்குளிர் குலையாதிருத்தல் வேண்டும். 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை அவர் தனித்து வெளியிட்டார். 1945 ஆகத்து மாதத்தில் தமது ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்தார். முதுவிஞ்ஞானப் பட்டம் இல்லை என்ற காரணத்தாற் கலாநிதிப் பட்டம் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த ஆய்வேடு பெங்களூரிலுள்ள இராமன் ஆய்வு நிலையத்தின் நூலகத்திற் பட்டம்பெற்ற பிறரின் ஏடுகளோடு கட்டடம் செய்யப்பட்டு இருக்கின்றது. அன்னா மாணி மனந்தளரவில்லை. இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பயின்று, 1948இல் இந்திய வானிலைத் திணைக்களத்திற் சேர்ந்து, நூற்றுக்கு அண்மையான கருவிகளுக்கு உள்நாட்டிலேயே வரைபடமும் அளவுத்திட்டமும் அமைத்தார். 1976இல் துணைத் தலைமைப் பணிப்பாளராய் இளைப்பாறி, 2001இற் காலமானார். கல்லின் வெம்மையை ஒளியால் நோக்கிய கண்கள் பின்னர் ஒரு துணைக்கண்டத்தின் வெயிலையும் காற்றையும் அளந்தன.

மாணிக்கம் தன் வெம்மையை எவ்வாறு ஒளியாற் கூறுகின்றது என்பதை இப்பொழுது விளக்கலாம். அதன் செவ்வொளியை நிறமாலையாகப் பிரித்தால் மிக அடுத்தடுத்த இரு கோடுகள் தோன்றும். அவற்றின் அலைநீளங்கள் 694.3, 692.8 நனோமீற்றர். கிளர்ச்சியுற்ற குரோமியம் அணுக்கள் நிற்பதற்கு அருகருகான இரு படிகள் உள்ளன என்று கொள்க. கடுங்குளிரில் அணுக்கள் யாவும் கீழ்ப்படியிலேயே ஒடுங்கி நிற்கும். அப்பொழுது ஒரு கோடே தெரியும். வெம்மை ஏற ஏறச் சில அணுக்கள் மேற்படிக்கு ஏறும். இரண்டாங் கோடு வலுப்பெறும். இரு கோடுகளின் வலிமையை ஒப்பிட்டால், கல் எவ்வளவு குளிர்ந்துள்ளது என்பதைக் கணிக்கலாம். இஃது ஒரு வழி. வெம்மை ஒரு பாகை ஏறும்போது அக்கோடுகள் நனோமீற்றரின் ஆயிரத்தில் ஏறத்தாழ 7 பங்கு சிவப்பின் புறமாக நகரும். அந்நகர்வை அளத்தல் இரண்டாவது வழி. விளக்கை அணைத்தபின் ஒளிர்வு தணியும் வேகத்தை அளத்தல் மூன்றாவது வழி. கல் சூடாயிருப்பின் ஒளிர்வு விரைந்து அணையும். கல்லிற் கம்பி கட்டவேண்டியதில்லை, தொடவேண்டியதும் இல்லை. சற்றுத் தொலைவிலிருந்து நோக்கினாற் போதும்.

இதன் பயனை உணர்ந்தோர் மாணிக்கத்தோடு நின்றுவிடவில்லை. ஒளிர்பொடியைப் பொருளின்மீது பூசி, அதன் வெம்மைப் பரவலைக் கண்ணாற் காணும் முறையை 1937இற் பவுல் நோய்பெர்ட் பதிவுசெய்தார். 1949இல் அமெரிக்காவில் உர்பாக் என்பாரும் அவர்தம் துணைவரும் அத்தகைய பொடிகளால் வெம்மைப் படங்களை எடுத்தனர். 1953இல் பிராட்லி என்பவர், விரைந்து வீசும் காற்றில் வைத்த மாதிரியொன்றின் மேற்பரப்பு வெம்மையை ஒளிர்பொடிப் பூச்சினால் அளந்து காட்டினார். 1980களில், தலைமயிர்போன்ற கண்ணாடி இழையின் நுனியில் ஒளிர்பொருளை வைத்து அளக்கும் வெப்பமானிகள் சந்தைக்கு வந்தன. உயரழுத்த மின்மாற்றியின் உள்ளேயும், காந்தப் புலத்தினால் நோயாளியின் உடலைப் படமெடுக்கும் கருவியின் உள்ளேயும் உலோகக் கம்பியுள்ள வெப்பமானியை நம்பி வைக்கலாகாது. அங்கே இக்கண்ணாடி இழை உதவுகின்றது.

இக்கருவிகளை நோக்குதற்குப் பொறிகள் வேண்டும். வெறுங்கண்ணுக்கே நிறம் மாறிக் காட்டும் பொருள்களும் பின்னர் அமைக்கப்பட்டன. தேர்பியம் என்னும் அருமண் தனிமம் பச்சையாய் ஒளிரும். யூரோப்பியம் சிவப்பாய் ஒளிரும். இவ்விரண்டையும் ஒரே பளிங்குச் சட்டகத்திற் சேர்த்துச் சீன, அமெரிக்க ஆய்வாளர் 2012இல் ஒரு பொருளை அமைத்தனர். கடுங்குளிரில் அது பசுமஞ்சளாய் ஒளிர்ந்தது; அறைவெம்மையை நெருங்கச் சிவந்தது. வெம்மை மிகும்போது தேர்பியம் தான் கொண்ட ஆற்றலை அயலிலுள்ள யூரோப்பியத்திடம் கையளித்துவிடுவதே இதன் இரகசியம். பச்சை மெலியச் சிவப்பு வலுக்கும். கொல்லன் 525 பாகைக்கு மேலே வாசித்த நிறமொழியை, மனிதன் இவ்வாறு கொடுங்குளிர்வரை கீழிறக்கிவிட்டான்.

இத்தனையும் பிறநாட்டுக் கதை என்று இரத்தினபுரியார் எண்ணியிருந்துவிட இயலாது. ஏனெனில், கல்லின் ஒளியை வாசிக்கத் தெரியாமையின் விலையை நாம் ஒருமுறை கொடுத்துவிட்டோம்.

குழிகளிற் கிடைக்கும் நீல இனக் கற்களிற் பெரும்பகுதி தெளிந்த நீலமாய் இருப்பதில்லை. பால் படிந்தும், புகை படர்ந்தும், எண்ணெய்ச் சாயல் கொண்டும் இருக்கும். இவற்றைச் சிங்களத்தில் ‘கெவுட’ என்பர். எண்ணெய்ச் சாயலுள்ளதற்கு ‘டீசல் கெவுட’ என்றே பெயர். நெடுங்காலம் இவை ஏறத்தாழ மதிப்பற்றவையாய் இருந்தன. பூந்தோட்டத்திற் பரப்பும் கூழாங்கற்களாகவும் பயன்பட்டன. 1970களில் தாய்லாந்து வணிகர் இக்கற்களை மூட்டையாய் வாங்கிச் செல்லத் தொடங்கினர். வாங்குவதன் காரணம் விற்றவர்க்கு விளங்கவில்லை. அங்கே அவற்றை 1,500 பாகைக்கு மேற்பட்ட உலைகளில் இட்டனர். ஊதுகுழலடுப்பு எட்டமுடியாத அவ்வெம்மையில், பால்போற் படிந்திருந்த தைற்றேனியம் ஒட்சைட்டின் நுண்ணூசிகள் கல்லினுட் கரைந்தன. கரைந்த தைற்றேனியம் இரும்போடு கூடியது. கல் ஆழ்நீலமாய் வெளிவந்தது. மண்ணில் இறங்கியவன் பெற்றது கூழாங்கல்லின் விலை. உலையை அறிந்தவன் பெற்றது நீலத்தின் விலை. இரத்தினக்கல் வாணிபத்துக்கென அரச கூட்டுத்தாபனம் 1971இலேயே அமைந்திருந்தது. எனினும் அறிவு வேறோரிடத்தில் இருந்தது. பின்னரே நம்நாட்டவரும் எரிவாயு உலைகளை அமைத்து இத்தொழிலிற் தேர்ந்தனர்.

இதன்பின் உலகச் சந்தையிற் புதியதொரு கேள்வி எழுந்தது. இக்கல் இயற்கையாகவே இந்நிறமா, உலைக்குட் சென்று வந்ததா? நெருப்பைக் காணாத கல்லுக்கு விலை மிக அதிகம். விற்பவன் சொல்லை நம்ப இயலாது, கல்லிடமே கேட்கவேண்டும். கல்லும் விடை கூறுகின்றது. சூடேற்றப்படாத இலங்கை மஞ்சள் நீலக்கற்கள் பலவும் ஊதாக்கதிரிற் செம்மஞ்சளாய் ஒளிரும். உலைக்குட் சென்று வந்த நீலக்கற்கள் சில, குற்றலை ஊதாக்கதிரிற் சுண்ணாம்பு பூசினாற்போன்ற வெளிர்நீலப் பசுமையாய் ஒளிரும். எல்லாவற்றினும் தெளிவாகப் பேசுவது, நமது குழிகளில் நிரம்பக் கிடைக்கும் ஸ்பினல் என்னும் செங்கல். மாணிக்கத்தைப்போலவே அதனுள்ளும் குரோமியம் உண்டு. இயற்கையான ஸ்பினலின் ஒளிர்வில் ஒடுங்கிய கூரிய கோடுகள் தோன்றும். அதனை ஏறத்தாழ 800 பாகைக்கு மேற் சூடேற்றினால், பளிங்கினுள் மக்னீசியமும் அலுமினியமும் தத்தம் இருக்கைகளை மாற்றிக்கொள்கின்றன. கல் ஆறினாலும் அவை பழைய ஒழுங்குக்கு முற்றாகத் திரும்புவதில்லை. அதன்பின் அக்கோடுகள் என்றும் அகன்றே தோன்றும்.

இதனை நினைக்கும்போது வரலாற்றாசிரியனாகிய எனக்கு உவகை உண்டாகின்றது. மாணிக்கம் இப்பொழுதுள்ள வெம்மையைச் சொல்லுகின்றது. ஸ்பினலோ தான் பட்ட வெம்மையை நினைவில் வைத்துச் சொல்லுகின்றது. ஏடும் கல்வெட்டும் இன்றிக் கடந்தகாலம் ஒரு பயற்றம்பருப்பளவு கல்லுக்குள் எழுதப்பட்டிருக்கின்றது. வாசிக்கக் கற்றவனுக்கு அது சாசனம். கல்லாதவனுக்கு அது கூழாங்கல்.

தீப்பெட்டியோடு வந்த மாணவியைப்பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். அவள் சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு பெற்றாள். உயர்தரத்திலும் அதனையே பயில விரும்பினாள். தமிழில் அப்பிரிவு நடத்தும் பாடசாலை எமது தோட்டத்துக்கு அருகில் இல்லை. தொலைவிலுள்ள நகரில் தங்கிப் பயிலக் குடும்பத்துக்கு வசதியில்லை. ஆகவே கலைப்பிரிவிற் சேர்ந்தாள். அவ்விண்ணப்பத்தில் அதிபராக ஒப்பமிட்டவன் யானே. கலை பயின்றவனாகிய நான் கலைக்கல்வியைக் குறைத்துப் பேசேன். ஆயினும் அவள் தானாக விரும்பிச் சென்ற வழி அதுவன்று. அன்னா மாணிக்குப் பட்டம் மறுக்கப்பட்ட செய்தியை நான் படித்தது அதற்குப் பின்னரே. ஒரு கையொப்பத்தின் கனம் எவ்வளவு என்பதை அன்று உணர்ந்தேன்.

1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதன்பின் நமது பிள்ளைகள் நெடுந்தூரம் வந்துள்ளனர். எஞ்சிய தூரத்தையும் அவர்கள் கடத்தல் வேண்டும். சப்பிரகமுவ மாகாணத்தில் தமிழ்மொழிமூல விஞ்ஞான வகுப்புகளை வேண்டிப் பெற்றோரும் ஆசிரியரும் ஓயாது கேட்டல் வேண்டும். வகுப்பு வரும்வரை ஆய்வைத் தள்ளிவைக்கவும் வேண்டியதில்லை. இருளில் ஒளிரும் நட்சத்திரப் படங்கள் கடைகளில் மலிவாய்க் கிடைக்கின்றன. இரண்டினை விளக்கொளியிற் காட்டி, ஒன்றைப் பனிக்கட்டி நீரிலும் மற்றொன்றை வெந்நீரிலும் இட்டு அறையை இருட்டாக்குக. வெந்நீரிலுள்ளது முதலிற் பிரகாசமாய் எரிந்து விரைவில் மங்கும். குளிர்நீரிலுள்ளது மங்கலாய்த் தொடங்கி நெடுநேரம் நிற்கும். வெம்மை ஒளியோடு பேசுவதை ஐந்தாந்தரத்துப் பிள்ளையும் அங்கே கண்ணாற் காணும். எமது பாடசாலையில் ஆண்டுதோறும் இதனைச் செய்து வருகின்றோம். அத்தீப்பெட்டியும் அதிலுள்ள கற்றுணுக்குகளும் இன்றுவரை எனது மேசை இழுப்பறையிலேயே இருக்கின்றன. புதிதாக வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அவற்றை நோக்கி, அம்மாணவி கேட்ட அதே கேள்வியைக் கேட்கின்றனர். தொட்டுப் பார்க்கச் சொல்லுகின்றேன்.